“சார், நெட் வரலை!”



நம் பாலிடெக்னிக்கில் எந்த டிபார்ட்மென்ட் லேபுக்குப் போனாலும் ஒரு நாளைக்கு நாலு தடவையாவது காதில் விழும் வசனம், “சார், நெட் வரலை!” என்பதுதான். சொன்ன உடனே அக்கம்பக்கத்தில் இருந்து வைத்தியம் சொல்ல ஆள் வந்துவிடும். “ரீஸ்டார்ட் பண்ணுடா” என்பான் ஒருவன். “கேபிளைப் பிடுங்கிச் சொருகு” என்பான் இன்னொருவன். இரண்டிலும் சரியாகவில்லை என்றால் மூன்றாவது ஆள் தீர்ப்பே சொல்லிவிடுவான்: “ஃபார்மட் போட்டுடலாம் மச்சி!”

காய்ச்சல் என்று வந்தவனுக்கு நாடி பார்க்காமலே ஆபரேஷன் தியேட்டரைக் காட்டுகிற கதைதான் இது. நெட் வராததற்குக் குறைந்தது ஆறு காரணங்கள் இருக்கலாம். எது காரணம் என்று கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். அதற்கு இரண்டு விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, கம்ப்யூட்டருக்குள்ளே யாருக்கு என்ன அதிகாரம் என்பது. இன்னொன்று, ஒரு கம்ப்யூட்டர் இன்னொரு கம்ப்யூட்டரை எப்படித் தேடிப் பிடிக்கிறது என்பது. சிவில், மெக்கானிக்கல், ட்ரிபிள்-இ நண்பர்களும் படிக்கிற மலர் இது என்பதால், முடிந்தவரை நம்ம ஹாஸ்டல் பாஷையிலேயே சொல்லப் பார்க்கிறேன்.

அட்மின் யார்? யூசர் யார்?

ஆபரேட்டிங் சிஸ்டம் என்பது ஒரு மேஸ்திரி. பிராசஸர், மெமரி, டிஸ்க், பிரிண்டர் எல்லாம் அவர் பொறுப்பு. நாம் திறக்கிற எந்த புரோகிராமும் நேராகப் போய் டிஸ்க்கில் கை வைக்க முடியாது. மேஸ்திரியிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். கேட்பது யார் சார்பாக என்று பார்த்துத்தான் அவர் கொடுப்பார், அல்லது மறுப்பார்.

1969-இல் பெல் லேப்ஸில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸைத் தொடங்கினார்கள். ஒரே மெஷினைப் பல பேர் பங்கு போட்டுக் கொள்ள வேண்டிய காலம் அது. எனவே ‘இந்த ஃபைல் யாருடையது?’ என்ற கேள்வி ஆரம்பத்திலேயே அதற்குள் வந்துவிட்டது. எல்லா அதிகாரமும் உள்ள ஒரே ஆளுக்கு ‘ரூட்’ என்று பெயர். 1991-இல் லைனஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸிலும் அதே ஏற்பாடுதான்.

விண்டோஸ் 95, 98 கதை வேறு. அவை வீட்டில் ஒருவர் வைத்துக்கொள்கிற மெஷினுக்காக வந்தவை. பாஸ்வேர்டு கேட்கிற கட்டத்தில் ‘கேன்சல்’ அழுத்தினாலே உள்ளே போய்விடலாம்! பூட்டு இருக்கும், நாதாங்கி இருக்காது. 2001-இல் வந்த எக்ஸ்.பி.யில் முறையான கணக்குகள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் வந்தன. ஆனால் முதலில் உருவாக்குகிற யூசர் நேராக அட்மினிஸ்ட்ரேட்டராகவே ஆகிவிடுவார். 2007-இல் விஸ்டா வந்த பிறகுதான், “இந்த புரோகிராம் மாற்றம் செய்யப் பார்க்கிறது, அனுமதிக்கலாமா?” என்று திரையை மங்கலாக்கி ஒரு கேள்வி கேட்கும் பழக்கம் வந்தது. நாம் படிக்காமலே ‘யெஸ்’ அழுத்துகிறோமே, அந்தக் கேள்விதான்.

இது ஏன் முக்கியம்? ஒரு புரோகிராமை யார் திறக்கிறாரோ, அவருடைய அதிகாரம் அந்த புரோகிராமுக்கும் வந்துவிடும். பென் டிரைவில் வந்த வைரஸை ஒரு சாதாரண யூசர் தெரியாமல் திறந்துவிட்டால், அது பெரும்பாலும் அவர் ஃபைல்களைத்தான் கெடுக்க முடியும். அட்மின் திறந்தால் மொத்த மெஷினும் அதன் கையில். ஒர்க் ஷாப்பில் மெயின் சுவிட்ச் அறையின் சாவியை ஃபோர்மேன் ஆணியில் மாட்டி வைக்க மாட்டார் அல்லவா? அந்த மாதிரிதான். தினசரி வேலைக்குச் சாதாரண யூசர் கணக்கு, சாஃப்ட்வேர் போடும்போது மட்டும் அட்மின் கணக்கு. இந்த ஒரு பழக்கம் பாதித் தொல்லையைத் தடுக்கும்.

755 என்றால் என்ன?

லினக்ஸ் லேபில் இந்த நம்பரை மந்திரம் மாதிரி அடிப்போம். மந்திரம் எல்லாம் ஒன்றுமில்லை, வெறும் கூட்டல் கணக்கு. படிக்க 4, எழுத 2, இயக்க 1. முதல் இலக்கம் ஃபைலின் சொந்தக்காரருக்கு, இரண்டாவது அவருடைய குழுவுக்கு, மூன்றாவது மற்ற எல்லோருக்கும். 755 என்றால் சொந்தக்காரருக்கு 4+2+1, அதாவது எல்லாம் உண்டு. மற்றவர்களுக்கு 4+1, படிக்கலாம், இயக்கலாம், மாற்றக் கூடாது. உங்கள் ரெக்கார்டை பேட்ச்மேட்கள் பார்க்கலாம், வெளியாள் பார்க்கக் கூடாது என்றால் 640. யோசிக்காமல் 777 கொடுப்பது ஹாஸ்டல் ரூமைத் திறந்து போட்டுவிட்டு ஊருக்குப் போவது மாதிரி.

விண்டோஸில் ஒரு ஃபோல்டரை ஷேர் பண்ணும்போது இரண்டு பூட்டுகள் உண்டு. ஷேருக்கு ஒரு அனுமதி, டிஸ்க்கில் உள்ள ஃபோல்டருக்கு இன்னொரு அனுமதி. நெட்வொர்க் வழியாக வருபவர் இரண்டையும் தாண்ட வேண்டும். இரண்டில் எது கடுமையோ அதுதான் செல்லும். மெஷினுக்கு முன்னாலேயே உட்கார்ந்திருப்பவருக்கு ஷேர் பூட்டு கிடையாது, ஃபோல்டர் பூட்டு மட்டும்தான். “ஷேரில் ஃபுல் கண்ட்ரோல் கொடுத்தும் ஏன் சார் எழுத முடியல?” என்ற கேள்விக்கு இதுதான் பதில். இன்டர்வியூவிலும் கேட்கிறார்கள், குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று அடையாளங்கள்

இனி நெட்வொர்க்குக்கு வருவோம். நமக்கு ரிஜிஸ்டர் நம்பர் ஒன்று, ஹாஸ்டல் ரூம் நம்பர் ஒன்று, கூப்பிடுகிற பெயர் ஒன்று இருக்கிறதல்லவா? கம்ப்யூட்டருக்கும் அப்படித்தான்.

ரிஜிஸ்டர் நம்பர் மாதிரி இருப்பது ‘மேக் அட்ரஸ்’. நெட்வொர்க் கார்டு தயாராகும்போதே கூட வருவது. 48 பிட், பன்னிரண்டு ஹெக்ஸ் இலக்கங்கள். வழக்கமாக முதல் பாதி தயாரித்த கம்பெனியைக் காட்டும். (இப்போதைய செல்போன்கள் வை-ஃபையில் சேரும்போது சொந்த நம்பரை மறைத்து, கற்பனை நம்பர் ஒன்றைக் காட்டுவதும் உண்டு.)

ரூம் நம்பர் மாதிரி இருப்பது ‘ஐ.பி. அட்ரஸ்’. இடம் மாறினால் இதுவும் மாறும். 192.168.1.25 என்று ஒரு மெஷினுக்கு இருக்கிறது, சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்று வைத்துக்கொள்வோம். முதல் மூன்று எண்கள் பிளாக், கடைசி எண் ரூம். 0-வும் 255-ம் மெஷின்களுக்குக் கிடையாது என்பதால் அந்த பிளாக்கில் 254 ரூம்கள்தான்.

போக வேண்டிய இடம் அதே பிளாக்கில் இருந்தால், “192.168.1.40 யாருப்பா? உன் மேக் அட்ரஸ் என்ன?” என்று வராண்டாவில் நின்று சத்தம் போட்டுக் கேட்கும். அந்த மெஷின் பதில் சொல்லும், நேராகப் போய்ச் சேரும். வேறு பிளாக் என்றால் சத்தம் போட்டுப் பயனில்லை. கேட்டில் இருக்கும் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட வேண்டும். அவர்தான் ‘கேட்வே’. நம் லேபில் அது ரவுட்டர்.

ஐ.பி. வெர்ஷன் 4-இல் 32 பிட். மொத்தமே சுமார் 430 கோடி அட்ரஸ்கள். உலகத்துக்கு இது போதாது. அதனால் 1996-இல் வெளியான ஒரு விதி, 10-இல் தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை உள்ளவை, 192.168-இல் தொடங்குபவை என மூன்று தொகுதிகளை உள்வீட்டு உபயோகத்துக்கு என்று உறுதி செய்தது. உங்கள் வீட்டிலும் 192.168.1.25 இருக்கலாம், என் வீட்டிலும் இருக்கலாம். வெளியே போகும்போது ரவுட்டர் தன்னுடைய வெளி அட்ரஸைப் போட்டு அனுப்பி, பதில் வந்ததும் யாருடையது என்று பார்த்துப் பிரித்துக் கொடுக்கும். எல்லாக் கடிதமும் ஹாஸ்டல் விலாசத்துக்கு வந்து, வார்டன் அறையில் பிரித்துக் கொடுப்பது போல. 128 பிட் உள்ள வெர்ஷன் 6 இந்தத் தட்டுப்பாட்டைத் தீர்க்கத்தான் வந்தது. இரண்டும் இன்று பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன.

ரூம் கொடுப்பவர் ஒருவர், பெயர் தெரிந்தவர் ஒருவர்

அறுபது மெஷினுக்கும் கையால் அட்ரஸ் அடித்துக்கொண்டிருக்க முடியுமா? அதற்குத்தான் டி.எச்.சி.பி. புதிதாக வந்த மெஷின், “யாராவது இருக்கீங்களா? எனக்கு ஒரு அட்ரஸ் வேணும்” என்று கேட்கும். சர்வர், “இந்தா, 25 காலியா இருக்கு, வச்சுக்கிறியா?” என்னும். “சரி, அதையே கொடுங்க” என்று மெஷின் கேட்கும். “எழுதிக்கிட்டேன், இத்தனை மணி நேரத்துக்கு உன்னுது” என்று சர்வர் முடிக்கும். நாலே வசனம்தான். கூடவே மாஸ்க், கேட்வே, டி.என்.எஸ். விவரங்களும் வந்துவிடும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. யாரோ ஒருவர் வீட்டு வை-ஃபை ரவுட்டரைக் கொண்டுவந்து லேப் சுவிட்சில் சொருகிவிட்டால், இப்போது ரூம் கொடுக்க இரண்டு வார்டன்கள். யார் முதலில் பதில் சொல்கிறாரோ அவர் கொடுத்த அட்ரஸ்தான். பாதிப் பேருக்கு நெட் வரும், பாதிப் பேருக்கு வராது. எந்த மெஷினை ஃபார்மட் பண்ணினாலும் இது தீராது. தீர வேண்டுமானால் அந்த ரவுட்டரைக் கழற்ற வேண்டும்.

மூன்றாவது அடையாளம் பெயர். நாம் எண்களை ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை, வெப்சைட் பெயரைத்தான் அடிக்கிறோம். பெயரை எண்ணாக மாற்றித் தருவது டி.என்.எஸ். முன்பு எல்லாப் பெயர்களும் ஒரே ஃபைலில், ஒரே இடத்தில் எழுதி வைக்கப்பட்டிருந்தன. மெஷின்கள் பெருகப் பெருக அது தாங்கவில்லை. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் இந்த வேலையைப் பல சர்வர்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுக்கும் டி.என்.எஸ்.ஸை வடிவமைத்தார். பழைய ஃபைலின் வாரிசு, ‘ஹோஸ்ட்ஸ்’ என்ற பெயரில் இன்றும் விண்டோஸிலும் லினக்ஸிலும் இருக்கிறது. ஒரே ஒரு வெப்சைட் மட்டும் வினோதமாக நடந்துகொண்டால் அதையும் ஒரு கண் பார்க்கலாம்.

இனி நாடி பார்ப்போம்

முதலில் ஒரு கேள்வி: எனக்கு மட்டுமா, எல்லோருக்குமா? எல்லோருக்கும் என்றால் உங்கள் மெஷினைத் தொடவே வேண்டாம். சுவிட்ச், ரவுட்டர், லைன் பக்கம் போங்கள். உங்களுக்கு மட்டும் என்றால் கீழிருந்து மேலே, ஒரு படியும் விடாமல் ஏற வேண்டும்.

1. கேபிள். சொருகிய இடத்தில் சின்ன விளக்கு எரிகிறதா? எரியவில்லை என்றால் வேறு கேபிள், வேறு போர்ட் போட்டுப் பாருங்கள். செம்புக் கேபிளின் நீளம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. 100 எம்.பி.பி.எஸ். ஓட எட்டில் நாலு கம்பி (1, 2, 3, 6) போதும். 1000-க்கு எட்டும் வேண்டும். நெட் வருகிறது, ஆனால் ஆமை வேகம் என்றால் கிரிம்ப்பிங்கில் ஒரு கம்பி சரியாக உட்காராமல் இருக்கலாம்.

2. அட்ரஸ். விண்டோஸில் கமாண்ட் விண்டோவைத் திறந்து ‘ஐ.பி.கான்ஃபிக்’ அடியுங்கள். 169.254 என்று தொடங்கினால், “கேட்டேன், யாரும் ரூம் கொடுக்கலை, நானே ஒண்ணு வச்சுக்கிட்டேன்” என்று மெஷின் சொல்கிறது என்று பொருள். டி.எச்.சி.பி. வரை செய்தி போகவில்லை, அல்லது அங்கிருந்து பதில் வரவில்லை.

3. கேட்வே. அதே விவரத்தில் கேட்வே நம்பர் இருக்கும். அதை ‘பிங்’ பண்ணுங்கள். பதில் வந்தால் லேபுக்குள் எல்லாம் சரி. இந்தச் சின்ன புரோகிராமை 1983 டிசம்பரில் மைக் மூஸ் எழுதினார். நீர்மூழ்கிக் கப்பல் ஒலி அனுப்பி எதிரொலி கேட்கிற சத்தம்தான் ‘பிங்’.

4. வெளியுலகம். 8.8.8.8 என்பது கூகுள் 2009-இல் தொடங்கிய பொது டி.என்.எஸ். சர்வர். அதைப் பிங் பண்ணுங்கள். கேட்வே பதில் சொல்லி, இது சொல்லவில்லை என்றால் கோளாறு ரவுட்டருக்கு அந்தப் பக்கம். சர்வீஸ் கம்பெனிக்குப் போன் போடுங்கள்.

5. பெயர். எண்ணுக்குப் பதில் வருகிறது, பெயருக்கு வரவில்லை என்றால் குற்றவாளி டி.என்.எஸ். அந்த செட்டிங்கை மட்டும் பார்த்தால் போதும்.

6. பிரவுசர். எல்லாம் பதில் சொல்கிறது, ஆனால் எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் ‘பாதுகாப்பானது அல்ல’ என்று மிரட்டுகிறதா? கீழே மூலையில் தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் உள்ள சி.ஆர்.2032 பட்டன் செல் தீர்ந்துபோய், தேதி பல வருடம் பின்னால் போயிருக்கலாம். வெப்சைட்டின் சான்றிதழ் இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை செல்லும் என்று இருப்பதால், மெஷின் குழம்பிவிடுகிறது. வாட்ச் கடையில் கிடைக்கிற ஒரு பட்டன் செல்தான் மருந்து! தேதி சரி என்றால் பிராக்ஸி செட்டிங்கைப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஃபயர்வால் சில இடங்களில் பிங்குக்குப் பதில் சொல்ல விடாது. பக்கத்து மெஷின் பதில் சொல்லவில்லை என்பதாலேயே அது செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

ஃபார்மட் போட்டால் என்ன போகும்?

எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறார். ஒரு நாள் நெட் வரவில்லை. வந்து பார்த்தவர் அரை மணி நேரத்தில் மெஷினை ஃபார்மட் பண்ணி, புது விண்டோஸ் போட்டுவிட்டுப் போய்விட்டார். அப்போதும் நெட் வரவில்லை. கடைசியில் பார்த்தால் ரவுட்டரின் பவர் அடாப்டர் போயிருக்கிறது. ஆனால் அதற்குள் மூன்று வருடக் கடன் கணக்கு, வாடிக்கையாளர்கள் டைப் பண்ணக் கொடுத்த பத்திரங்கள், பெண்ணின் பிறந்தநாள் போட்டோக்கள் எல்லாம் போய்விட்டன. அவர் என்னிடம் சொன்னது இதுதான்: “தம்பி, நெட்டு இன்னைக்குப் போனா நாளைக்கு வரும். அந்தக் கணக்கு எங்கேர்ந்து வரும்?”

மேலே சொன்ன ஆறு படிகளில் முதல் படியிலேயே, ரவுட்டரில் விளக்கு எரியவில்லை என்பது கண்ணில் பட்டிருக்கும். அதற்கு ஒரு டூல் கூடத் தேவையில்லை.

பழைய ஹார்டு டிஸ்க்கில் குவிக் ஃபார்மட் என்றால், மேலே எதுவும் எழுதாமல் உடனே நிறுத்தினால் மீட்க வாய்ப்பு உண்டு. இன்றைய எஸ்.எஸ்.டி.யில் அந்த வாய்ப்பு மிகக் குறைவு. காலி என்று சொல்லப்பட்ட இடங்களை அதுவே துடைத்துவிடும். ஆகவே ஃபார்மட் என்ற வார்த்தையைச் சொல்லும் முன் கேட்க வேண்டியது ஒன்றே: “பேக்கப் இருக்கா?” மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு இடத்தில் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்கிற கணக்கு. அந்த மூன்றில் ஒன்று மெஷினோடு இணைக்காமல் கழற்றி வைத்ததாக இருக்கட்டும். காரணம் அடுத்து வருகிறது.

2017 மே 12

அதிகாரமும் நெட்வொர்க்கும் தனித்தனிப் பாடம் என்று நினைப்பவர்கள் இந்தத் தேதியை மறக்கக் கூடாது. ‘வான்னாக்ரை’ என்ற ரான்சம்வேர் அன்றுதான் பரவியது. ஃபைல்களைப் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் பிட்காயினாகக் கொடு என்று கேட்டது. 150-க்கும் மேற்பட்ட நாடுகளில், லட்சக்கணக்கான மெஷின்கள் மாட்டின. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் ஆபரேஷன்கள் தள்ளிப்போயின.

அது நுழைந்த வழி எது தெரியுமா? விண்டோஸில் ஃபோல்டர் ஷேர் பண்ண உதவும் எஸ்.எம்.பி. என்ற ஏற்பாட்டின் பழைய வெர்ஷனில் இருந்த ஓட்டை. யாரும் எதையும் கிளிக் செய்யத் தேவையில்லை. ஒரு மெஷின் மாட்டினால் அதே நெட்வொர்க்கில் உள்ள மற்ற மெஷின்களை அதுவே தேடிப் போகும். இணைத்தே வைத்திருந்த பேக்கப் டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டும்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. கிட்டத்தட்ட இரண்டு மாத அவகாசம்! “அப்டேட் போட்டா நேரமாகும், அப்புறம் பார்த்துக்கலாம்” என்று தள்ளிப்போட்ட மெஷின்கள் அகப்பட்டுக் கொண்டன.

அதனால்தான் சொல்கிறேன். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்துகொண்ட மெஷின்கள் தவிர, மற்றவற்றுக்குப் புதிய ஓட்டைகளை அடைக்க அப்டேட் வராது. வீட்டில் அப்படி ஒரு மெஷின் இருந்தால் விண்டோஸ் 11 ஏறுமா என்று பாருங்கள். ஏறாத பழைய மெஷின் என்றால் லினக்ஸ் போட்டுப் பாருங்கள். காசு செலவில்லை, படிப்புக்குப் படிப்பும் ஆச்சு.

கடைசியாக ஒரு வார்த்தை

இதையெல்லாம் புத்தகத்தில் மட்டும் படித்தால் பரீட்சை முடிந்ததும் பறந்துவிடும். இன்று மாலையே உங்கள் வீட்டு மெஷினின் ஐ.பி., கேட்வே, டி.என்.எஸ். மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். நன்றாக இருக்கும்போது எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான், கெட்டுப்போனபோது எது மாறியது என்று தெரியும். சாதாரண யூசர் கணக்கு ஒன்றை உருவாக்குங்கள். ஒரு கோளாறைச் சரிசெய்தால், என்ன பார்த்தோம், என்ன மாற்றினோம் என்று தேதி போட்டு இரண்டு வரி எழுதி வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். நாலை ஒன்றாக மாற்றினால் எது குணப்படுத்தியது என்று யாருக்கும் தெரியாது.

நம்மில் பலர் நாளைக்கு அப்ரண்டீஸாகவோ, சர்வீஸ் இன்ஜினியராகவோ ஏதோ ஒரு ஆபீஸில், கடையில், ஆஸ்பத்திரியில் யாரோ ஒருவருடைய கீபோர்டைத் தொடப் போகிறோம். பாஸ்வேர்டை நம்மிடம் சொல்லிவிட்டு அவர் எழுந்து இடம் கொடுப்பார். அந்த மெஷினின் விலை சில ஆயிரங்கள்தான். உள்ளே இருக்கும் அவருடைய உழைப்புக்கு விலை கிடையாது. அதை நினைவில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்காருங்கள் நண்பர்களே, கை தானாகவே நிதானமாக வேலை செய்யும்!

– மூன்றாம் ஆண்டு, கணிப்பொறிப் பொறியியல்